வெண்கலப் பெட்டியும் அந்நியப் பெண்ணும்: குறுநாவலைப் படித்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குறுநாவலைப் படித்துவிட்டு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். மீதிப் பேர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கதையின் முடிவு கடைசிக் கேள்வியில் இருக்கிறது. இன்னும் படிக்காதவர்கள் அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம்.

கதை என்ன, நாலு வரியில்?

பழைய கருவி ஒன்றின் களிம்பேறிய துண்டுகளை எக்ஸ்ரே படங்களில் பார்த்துப் பார்த்தே பத்து வருடம் கழித்த ஏதென்ஸ் பெண் ஒருத்தி, கி.மு. 78இன் இலையுதிர் காலத்தில் ரோட்ஸ் தீவில் போய் நிற்கிறாள். அந்தக் கருவியைச் செய்கிற பட்டறையைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே எடுபிடி வேலைக்குச் சேர்கிறாள். ஓராண்டுக்கு மேல் அங்கே இருக்கிறாள். அப்புறம் திரும்பி வர வேண்டிய நாள் வருகிறது. அவ்வளவுதான் கதை. சண்டை கிடையாது, மன்னர்கள் கிடையாது. ஒரே ஒரு வழக்குத் தகராறு உண்டு, அதுவும் கரிக்கடைக்காரரோடு.

அந்தக் கருவி உண்மையில் இருக்கிறதா?

இருக்கிறது. ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பச்சை நிறத்தில் இருக்கிறது. ஆன்டிகிதெரா கருவி என்று பெயர்.

1900இல் சிமி தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு எடுக்கும் முக்குளிப்பவர்கள், கிரீட்டுக்கு வடமேற்கே உள்ள ஆன்டிகிதெரா என்ற சின்னத் தீவின் ஓரம் கடலுக்குள் இறங்கினார்கள். முதலில் இறங்கியவர் மேலே வந்ததும், கீழே அழுகிய பிணங்களும் குதிரைகளுமாகக் கிடக்கின்றன என்று பதறினார். அவை வெண்கலத்திலும் பளிங்கிலும் செய்த சிலைகள். கி.மு. முதல் நூற்றாண்டில் சரக்கோடு மூழ்கிய கப்பல் அது. கிரேக்க அரசு கடற்படைக் கப்பலைக் கொடுத்து உதவ, 1901 வரை சிலைகளையும் சாடிகளையும் கண்ணாடிக் கிண்ணங்களையும் மேலே எடுத்தார்கள். அவற்றோடு வந்த ஒரு களிம்பேறிய கட்டியை யாரும் கவனிக்கவில்லை. 1902இல் அது பிளந்திருந்தபோதுதான், வலேரியோஸ் ஸ்டாயிஸ் என்ற தொல்லியலாளர் அதற்குள் ஒரு பல்சக்கரத்தைப் பார்த்தார்.

இன்று 82 துண்டுகள் இருக்கின்றன. அவற்றில் எஞ்சியிருக்கும் பல்சக்கரங்கள் 30. மொத்தப் பெட்டியும் ஏறக்குறைய ஒரு பெரிய அகராதியின் அளவுதான் இருந்திருக்கும். பக்கவாட்டில் ஒரு திருகு. அதைத் திருப்பினால் முன் முகப்பில் சூரியனும் நிலவும் ராசிகளில் நகரும். பாதி வெள்ளி பூசிய ஒரு சிறு உருண்டை சுழன்று பிறையைக் காட்டும். பின் முகப்பில் இரண்டு சுருள் வட்டங்கள்: மேலே இருப்பது 19 ஆண்டுக்கான 235 நிலவு மாதங்கள், கீழே இருப்பது கிரகணங்கள். ஒலிம்பிக் போன்ற விளையாட்டு விழாக்கள் எந்த ஆண்டில் வரும் என்று காட்டவும் தனியாக ஒரு சின்ன வட்டம் உண்டு.

கருவியைச் செய்யச் சொல்லிக் கொடுத்தது கதாநாயகிதானே?

இல்லை. இதுதான் அந்தப் பாதிப் பேரின் கேள்வி.

ஏன் இப்படி எல்லோருக்கும் தோன்றுகிறது என்று யோசித்துப் பார்த்தேன். காலப்பயணக் கதை என்றாலே நம்மிடமிருந்து அவர்களுக்கு ஏதோ போக வேண்டும் என்று பழகிவிட்டோம். தீப்பெட்டி, துப்பாக்கி, பென்சிலின். பழங்காலத்து ஆள் வாயைப் பிளந்து நிற்க வேண்டும். ஆன்டிகிதெரா கருவியைப் பற்றி வேற்றுக்கிரகவாசிகளை இழுத்து வந்து பேசுகிறவர்களும் இதே நினைப்பில்தான் பேசுகிறார்கள்: வெறும் கையும் அரமும் வைத்திருந்த மனிதர்களால் இதைச் செய்திருக்க முடியாது என்று. எனக்கு அந்த நினைப்பின் மேல் இருந்த எரிச்சலில்தான் இந்தக் கதையே பிறந்தது.

ஆறாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலவு வானத்தில் ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும் தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் போகும். இதற்குக் காரணம் நீள்வட்டப் பாதை என்பது நமக்குத் தெரியும். கெப்ளர் கோள்களுக்கு அதைச் சொன்னது 1609இல். கதாநாயகி ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கரித்துண்டை எடுத்துத் தரையில் நீள்வட்டம் வரைந்து காட்டுகிறாள். பட்டறைத் தலைவர் கேட்பது ஒரே கேள்வி: "இதைச் சக்கரத்தால் செய்ய முடியுமா?" முடியாது. அவர் தன் பெட்டியைத் திறந்து காட்டுகிறார். ஒன்றன்மேல் ஒன்றாக 50 பற்கள் கொண்ட இரண்டு சக்கரங்கள், அச்சுகள் மட்டும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக விலகி இருக்கின்றன. கீழ்ச்சக்கரத்தில் ஒரு முள், மேல்சக்கரத்தில் ஒரு பிளவு. முள் பிளவுக்குள் ஏறி இறங்க, மேல்சக்கரம் சில நேரம் வேகமாகவும் சில நேரம் மெதுவாகவும் சுற்றுகிறது. நிலவு செய்வதை வெண்கலம் செய்கிறது.

இந்த முள்ளும் பிளவும் என் கற்பனை இல்லை, உண்மைக் கருவியில் இருக்கிறது. இதற்கு அடிப்படையான நிலவுக் கணக்கு, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோட்ஸில் வாழ்ந்து வானத்தை அளந்த ஹிப்பார்க்கஸின் கணக்கோடு ஒத்துப்போகிறது. கதாநாயகியிடம் இருந்த உண்மை பட்டறைக்கு உதவவில்லை. பட்டறையிடம் இருந்ததோ அவளுக்கு முழுசாகப் புரியவே மூன்று மாதம் ஆகிறது.

223 பல்லை வெட்டுவதற்கு எட்டுப் பக்கமா?

ஆமாம், எட்டுப் பக்கம். குறைக்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். ஒருவர் அந்த இடத்தில் தூங்கிவிட்டதாகவே எழுதியிருந்தார், வருத்தமில்லை.

கிரகணங்கள் 223 நிலவு மாதங்களுக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்ப வரும். அதாவது 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரம். பாபிலோனியர்கள் தலைமுறை தலைமுறையாகக் களிமண் பலகைகளில் குறித்து வைத்துக் கண்டுபிடித்தது. 223 ஒரு பகா எண். வேறு சின்ன எண்களாக உடைத்துச் சின்னச் சக்கரங்களில் ஒப்பேற்ற வழியில்லை. 223 வேண்டுமென்றால் 223 பல் உள்ள சக்கரத்தைத்தான் வெட்டியாக வேண்டும்.

எழுதும் முன் கோயம்புத்தூரில் ஒரு சின்ன லேத் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். பல்சக்கரம் வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவர் அதன் உரிமையாளர். 223 பல் என்றதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு நேரா ப்ளேட்டே கிடையாதுங்களே" என்றார். டிவைடிங் ஹெட் என்ற சாதனத்தில் துளைகள் போட்ட வட்டத்தகட்டை வைத்து எண்ணித்தான் பல் வெட்டுவார்கள். 40, 60, 72 எல்லாம் சுலபம். 223க்கு வெளியே கூடுதல் பல்சக்கரங்களை இணைத்து, கணக்கைச் சற்றே மாற்றி வெட்ட வேண்டும். "செய்யலாங்க, ஆனா ஒரு நாள் போயிரும்" என்றார். அப்புறம் அவர் கேட்டதுதான் என்னை உலுக்கியது: "அவங்க மெஷின் இல்லாம எதை வெச்சு எண்ணுனாங்க?"

கவராயத்தை வைத்து. வட்டத்தைச் சுற்றிக் கவராயத்தின் இரு முனைகளையும் மாறி மாறி ஊன்றிக்கொண்டே போக வேண்டும். 223ஆவது அடி புறப்பட்ட புள்ளியில் வந்து விழாவிட்டால் முனைகளை முடியளவு நெருக்கியோ விரித்தோ மறுபடியும் முதலிலிருந்து. சரியாக விழுந்த பிறகு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள வெண்கலத் தகட்டில் ஒவ்வொரு பல்லையும் அரத்தால் முக்கோணமாக ராவ வேண்டும். எஞ்சியிருக்கும் சக்கரங்களில் பற்கள் எல்லாம் ஒரே இடைவெளியில் இல்லை என்பது அளந்து பார்த்தால் தெரிகிறது. அந்தக் கோணல்களைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கை போன வழி அது. இந்தக் கவராய முறை என் ஊகம்தான், ஆனால் பட்டறைக்காரர் கேட்டுவிட்டு, "அப்பிடித்தாங்க இருக்கும்" என்று ஒப்புக்கொண்டார். என் கதைக்கு அதற்கு மேல் சான்றிதழ் வேண்டாம்.

கிரகணத்தை முன்கூட்டிச் சொல்லி எல்லோரையும் மிரட்டும் காட்சி ஏன் இல்லை?

யாரை மிரட்டுவது? கொலம்பஸ் 1504இல் ஜமைக்காவில் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சந்திர கிரகணத்தைச் சொல்லி அங்கிருந்த மக்களிடம் உணவு வாங்கினார். அதிலிருந்து இந்தக் காட்சி கதைகளில் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் ரோட்ஸ் பட்டறைக்காரரிடம் போய், "நாளை மறுநாள் நிலவு மறையும்" என்று சொன்னால் அவர் திருகைத் திருப்பிப் பார்த்துவிட்டு எத்தனை மணிக்கு என்று உங்களைத் திருப்பிக் கேட்பார். கருவியின் கீழ்ச்சுருளில் 223 கட்டங்கள். கிரகணம் வரக்கூடிய மாதத்துக் கட்டத்தில் நிலவுக்கு ஓர் எழுத்து, சூரியனுக்கு ஓர் எழுத்து, கூடவே நேரம். அந்த 8 மணி நேர உபரி இருக்கிறதே, அதனால் ஒவ்வொரு சுற்றிலும் கிரகணம் 8 மணி நேரம் தள்ளிப்போகும். அதற்கும் தனியாக ஒரு குட்டி வட்டம் வைத்து, கூட்ட வேண்டியது 8 மணியா 16 மணியா, ஒன்றுமே வேண்டாமா என்று காட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சுழற்சிக்கு 'சாரோஸ்' என்று பெயர். கதையில் அந்தச் சொல்லே இல்லையே?

அந்தப் பெயரை இதற்கு ஒட்டவைத்தவர் 17ஆம் நூற்றாண்டின் வானியலாளர் எட்மண்ட் ஹாலி. கி.மு. 78இல் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதே காரணத்தால் கதையில் 'கி.மு. 78' என்பதும் வராது. 175ஆவது ஒலிம்பியாடின் மூன்றாம் ஆண்டு என்று வரும். ஒலிம்பியாட் என்பது ஓர் ஒலிம்பிக் விழாவிலிருந்து அடுத்த விழா வரையிலான நான்கு ஆண்டு.

எப்படிப் போகிறாள்? அறிவியல் சரியா?

பாதி சரி. பாதி நான் உங்களிடம் வாங்கிய கடன்.

எதிர்காலத்துக்குப் போவதில் சிக்கலே இல்லை. வேகமாகப் போகிறவரின் கடிகாரம் மெதுவாக ஓடும், ஐன்ஸ்டைன் சொன்னது, அளந்தும் பார்த்தாயிற்று. பின்னால் போவதுதான் தகராறு. 1949இல் குர்ட் கோடல் என்ற கணித அறிஞர், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு ஒரு விடை கண்டார்: மொத்தமாகச் சுழலும் பிரபஞ்சம். அதில் ஒருவர் பயணம் போய்த் தன் கடந்த காலத்துக்கே வந்து சேரலாம். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழலவில்லை, ஆகவே நமக்குப் பயனில்லை. 1988இல் இயற்பியலாளர் கிப் தோர்னும் அவரோடு மாரிஸ், யுர்ட்செவர் என்ற இருவரும் புழுத்துளையைக் கால இயந்திரமாக்கும் வழியைச் சொன்னார்கள். வெளியில் ஒரு சுரங்கம், அதற்கு இரண்டு வாய்கள். ஒரு வாயை மட்டும் ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால், இரண்டு வாய்களின் கடிகாரங்களும் விலகிவிடும். ஒன்றில் நுழைந்தால் இன்னொன்றின் பழைய காலத்தில் வெளியே வரலாம். சுரங்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க எதிர்மறை ஆற்றல் கொண்ட பொருள் வேண்டும். அது அந்த அளவில் யாரிடமும் இல்லை.

இதில் கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாத ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்த முறையில், இயந்திரம் உருவான நாளுக்கு முன்னால் போகவே முடியாது. 2050இல் செய்தால் 2050 வரைதான். ரோட்ஸுக்குப் போக வேண்டுமென்றால் கி.மு. 78இலேயே வாய் ஒன்று அங்கே திறந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டு வழிகள் இருந்தன: யாரோ முன்னோர் அதைச் செய்து வைத்தார்கள் என்பது, அல்லது அது இயற்கையாகவே இருந்தது என்பது. முதல் வழியில் போனால் வேற்றுக்கிரகவாசிகள் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுவார்கள். ஆகவே பிரபஞ்சத்தின் தொடக்கத்திலேயே தோன்றி, ஒரு கடற்குகையில் ஒட்டிக்கொண்ட புழுத்துளை என்று வைத்தேன். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கதையில் நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.

ஸ்டீபன் ஹாக்கிங் 1992இல், இயற்பியல் விதிகளே இப்படிப்பட்ட இயந்திரங்கள் உருவாகாமல் தடுக்கும் என்று ஊகித்தார். 2009இல் கேம்பிரிட்ஜில் காலப்பயணிகளுக்கு விருந்து வைத்து, விருந்து முடிந்த பிறகு அழைப்பிதழை வெளியிட்டார். யாரும் வரவில்லை. நல்ல மனிதர், பலகாரம் வீணாயிருக்கும்.

பூமி நகர்ந்துகொண்டே இருக்கிறதே, அவள் விண்வெளியில் அல்லவா போய் விழ வேண்டும்?

கால இயந்திரம் ஒரு நாற்காலியாக இருந்தால் இந்தக் கேள்வி நியாயம். பூமி சூரியனைச் சுற்றுவதே நொடிக்கு 30 கிலோமீட்டர். ஆனால் புழுத்துளையின் வாய்க்கும் ஈர்ப்பு உண்டு, பூமியோடு சேர்ந்தே போகும். வாசல் எங்கே இருக்கிறதோ அங்கே வெளியே வருகிறாள்.

கடந்த காலத்தை மாற்றினால் தாத்தா முரண் வருமே?

பின்னால் போய்த் தன் தாத்தாவையே கொன்றுவிட்டால், போனவர் எப்படிப் பிறந்திருப்பார் என்பதுதான் அந்த முரண். மாற்ற முடிந்தால்தானே முரண். இகோர் நோவிகோவ் என்ற இயற்பியலாளர் சொன்ன தன்னொருமைக் கொள்கையைப் பிடித்துக்கொண்டேன்: கடந்த காலம் நடந்தது ஒரே முறை, பயணி அங்கே போனதும் அந்த ஒரே முறைக்குள் அடக்கம். அவள் பட்டறையில் கரி அள்ளிக் கொட்டியது எப்போதுமே நடந்ததுதான். அவள் ஒரு சக்கரத்தைக் கீழே போட்டு இரண்டு பல் உடைந்து, ஒட்டுப்போட்டுச் சரிசெய்கிறார்கள் இல்லையா, அந்த ஒட்டு அவள் பத்து வருடம் எக்ஸ்ரே படத்தில் பார்த்து, யாருடைய கவனக்குறைவோ என்று நினைத்திருந்ததுதான். அந்த ஒட்டு மட்டும் கதைக்காக வைத்தது.

"அப்படியானால் அவளுக்குச் சுதந்திரமே இல்லையா?" என்று தொடர்ந்து கேட்கிறார்கள். நேற்று நீங்கள் குடித்த காபியை இன்று மாற்ற முடியாது. அதற்காக நேற்று நீங்கள் சுதந்திரமாகக் குடிக்கவில்லை என்று சொல்வீர்களா?

கிரேக்கப் பெண் என்பதால் மொழிச் சிக்கல் இருந்திருக்காதே?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. ஒரு சங்கப் பாடலைக் கண்ணால் படித்தால் நமக்குப் பாதியாவது பிடிபடும். அந்தக் காலத்து ஆள் எதிரே நின்று வேகமாகப் பேசினால்? அவளுடைய நிலையும் அதுதான்.

எழுத்து பெரும்பாலும் அதே எழுத்து. ஒலிதான் மாறிவிட்டது. பழைய கிரேக்கத்தில் தனித்தனியாக ஒலித்த பல உயிர் ஒலிகள் இன்றைய கிரேக்கத்தில் ஒரே 'இ'யாகக் கரைந்துவிட்டன. இதனால் வரும் வேடிக்கை: பழைய மொழியில் 'நாங்கள்' என்பது ஏறக்குறைய 'ஹேமீஸ்', 'நீங்கள்' என்பது 'ஹூமீஸ்' மாதிரி. இரண்டையும் இன்றைய ஒலிப்பில் சொன்னால் இரண்டுமே 'இமிஸ்'. இன்றைய கிரேக்கர்கள் இந்தக் குழப்பம் தாங்காமல் அந்தச் சொற்களையே மாற்றிக்கொண்டுவிட்டார்கள். கதாநாயகி புத்தகத்தில் படித்த பழைய சொல்லை இன்றைய வாயால் சொல்கிறாள். "நாங்கள் பணம் கொடுக்க வேண்டும்" என்கிறாளா, "நீங்கள் கொடுக்க வேண்டும்" என்கிறாளா என்று தெரியாமல்தான் கரிக்கடைக்காரர் அவளை வழக்குக்கு இழுக்கிறார். சிலர் அந்த வழக்கு தேவையற்ற திருப்பம் என்றார்கள். மொத்தக் கதையிலும் எனக்குச் சிரிப்பு வந்த ஒரே இடம் அது, விட மனசில்லை.

அவளுக்கு ஏன் பெயர் இல்லை?

பட்டறையில் அவளை 'க்ஸெனே' என்று கூப்பிடுகிறார்கள். அந்நியப் பெண் என்று பொருள். அதே சொல்லுக்கு விருந்தாளி என்றும் பொருள் உண்டு. அதற்கு மேல் ஒரு பெயர் தேவைப்படவில்லை.

தனியாக வந்த ஒரு பெண்ணைப் பட்டறைக்குள் விடுவார்களா என்பது நியாயமான சந்தேகம். சுதந்திரமான குடும்பத்துப் பெண்ணாக நடத்தியிருக்க மாட்டார்கள். அந்த ஊரின் உழைப்பில் பெரும்பங்கு அடிமைகளுடையது. அவளையும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள், தப்பி வந்தவளாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு. அந்த அழகான கருவியில் துருத்தி ஊதியவர்களின் பெயரோ, அதைச் செய்தவரின் பெயரோ நமக்குக் கிடைக்கவில்லை. அவள் பெயர் மட்டும் எதற்கு?

என்ன சாப்பிட்டாள்?

பார்லி, கோதுமை ரொட்டி, ஆலிவ், அத்திப்பழம், பாலாடைக்கட்டி, மீன், தண்ணீர் கலந்த ஒயின். தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் எதுவும் கிடையாது, எல்லாம் அமெரிக்கக் கண்டத்தில். (நம் சமையலிலும் மிளகாய் வந்தது போர்ச்சுகீசியர்களுக்குப் பிறகுதான்.) காபி கிடையாது. அவளுக்கு முதல் வாரம் வந்த தலைவலிக்குக் காரணம் அதுவே. பலர் அதைக் காலப்பயணத்தின் பக்கவிளைவு என்று நினைத்துவிட்டார்கள்.

மிளகு இருந்தது, மருந்தாக. கிரேக்க மருத்துவ நூல்களில் முன்பே இடம்பெற்ற சரக்கு அது.

ரோட்ஸில் விழுந்து கிடக்கும் சிலைக் காட்சி உண்மையா?

ஆமாம். ஹீலியோஸ் என்ற சூரியக் கடவுளின் பிரமாண்ட வெண்கலச் சிலை, உலக அதிசயங்களில் ஒன்று. கட்டி முடித்து ஐம்பது சொச்சம் ஆண்டுகளில், கி.மு. 226 வாக்கில் வந்த நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது. மறுபடி நிறுத்தவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே கிடந்தது. அதன் கட்டைவிரலைக் கட்டிப்பிடிக்கக் கூடியவர்கள் சிலர்தான் என்று ரோமானியர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். கதாநாயகி கட்டிப்பிடித்துப் பார்க்கிறாள். கை எட்டவில்லை.

சிசெரோ ஏன் ஒரே ஒரு பக்கத்தில் வந்துவிட்டுப் போகிறார்?

பின்னாளில் ரோமின் பெரும் பேச்சாளரான அவருக்கு அப்போது 28 வயது. ரோட்ஸில் பேச்சுக்கலை படிக்க வந்திருந்தார், பொசிடோனியஸ் என்ற தத்துவ அறிஞரிடமும் பாடம் கேட்டார். பின்னாளில், பொசிடோனியஸ் செய்த ஒரு கோளம் சூரியன், நிலவு, ஐந்து கோள்கள் ஆகியவற்றின் நகர்வைக் காட்டியது என்று எழுதினார். கருவியை ரோட்ஸோடு இணைக்க இது ஒரு காரணம். விளையாட்டு வட்டத்தில் ரோட்ஸின் உள்ளூர் விழாவான ஹாலியேயாவும் குறிக்கப்பட்டிருப்பது இன்னொன்று. மறுபக்கம், மாதப் பெயர்கள் கொரிந்து மரபைச் சேர்ந்தவை, ஆகவே வேறு ஊர்களைச் சொல்கிறவர்களும் உண்டு. நான் ரோட்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

புகழ்பெற்றவர்கள் கதைக்குள் வந்தால் எல்லா நாற்காலிகளையும் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதனால்தான் வாசலோடு அனுப்பினேன்.

கருவியின் முன்பகுதியில் கோள்கள் எப்படி நகர்ந்தன? அவள் பார்த்ததை ஏன் எழுதவில்லை?

அதைப் பார்க்கத்தான் அவள் போகிறாள் என்பதால் இந்தக் கோபம் புரிகிறது. முன்பகுதிச் சக்கரங்கள் பெரும்பாலும் கடலோடு போய்விட்டன. எஞ்சிய எழுத்துகள் மட்டும் இருக்கின்றன. 2005இல் எட்டு டன் எடையுள்ள எக்ஸ்ரே இயந்திரத்தை அருங்காட்சியகத்துக்கே கொண்டுவந்து படம் எடுத்தபோது, களிம்புக்குள் புதைந்திருந்த ஆயிரக்கணக்கான எழுத்துகள் படிக்கக் கிடைத்தன. வெள்ளிக் கோளுக்கு 462 ஆண்டுச் சுழற்சி, சனிக்கு 442 என்ற எண்கள் அவற்றில் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு 2021இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் குழு ஒரு மாதிரி வடிவத்தை முன்வைத்தது. இன்னும் விவாதம் நடக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் தேடிக்கொண்டிருப்பதை நான் ஒரு பத்தியில் 'கண்டுபிடித்து' எழுதுவது எனக்கு அழுகுணி ஆட்டமாகப் பட்டது. அவள் பார்க்கிறாள். நீங்களும் நானும் பார்க்கவில்லை.

நம் ஊருக்கு இதில் தொடர்பே இல்லையா?

கதைக்குள் இல்லை. வலிந்து நுழைக்கவும் விரும்பவில்லை. கதைக்கு வெளியே ஒன்று உண்டு, எழுதும்போது என் மேசையிலேயே கிடந்தது.

1825இல் புதுச்சேரியில், சென்னை வானாய்வகத்தில் முன்பு பொறுப்பு வகித்த ஜான் வாரன், ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்தக் கணிதர் காகிதத்தில் எதுவும் எழுதாமல், தரையில் சோழிகளை அடுக்கியும் மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளைக் கொண்டும் அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். தொடக்க நேரத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் வித்தியாசம். அவ்வளவுதான். அவர் பயன்படுத்தியது வாக்கிய முறை, இன்றும் வாக்கியப் பஞ்சாங்கமாக நம் வீட்டுச் சுவரில் தொங்குவது. அதில் நிலவுக்கு 248 நாள் கொண்ட ஒரு சுற்று உண்டு. நிலவின் வேகம் கூடிக் குறைந்து, ஒன்பது முறை பழைய நிலைக்கு வர ஆகும் நாட்கள் அவை. அதே 248ஐப் பாபிலோனியக் கணக்கிலும் கிரேக்கப் பாப்பிரஸிலும் பார்க்கலாம். எந்த வழியில் எங்கே போனது என்பதைப் பற்றி அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் சண்டை போட ஆர்வமில்லை. முள்ளும் பிளவும் வெண்கலத்தில் செய்ததை இங்கே ஒருவர் சோழியில் செய்தார் என்பதே போதும்.

முடிவில், கப்பல் மூழ்கப்போவது தெரிந்தும் பெட்டியை ஏன் ஏற்ற விடுகிறாள்?

முதல் வடிவத்தில் அவள் தடுக்கப் பார்க்கிறாள். எழுதிப் பார்த்தேன். ஏதோ ஒன்று குறுக்கே வந்து முயற்சி தோற்க வேண்டும், நோவிகோவின் கொள்கை அதைக் கேட்கிறது. கால் இடறி விழுவதுபோல ஒன்றைக் கொண்டுவந்தால் நாடகமாக இருந்தது.

அப்புறம் உலோகத்தைப் பற்றி யோசித்தேன். இப்படிப்பட்ட கருவி இது ஒன்று மட்டும் இருந்திருக்காது. இவ்வளவு தேர்ந்த வேலை முதல் முயற்சியில் வராது. மற்றவை எங்கே? வெண்கலம் விலையுள்ள பொருள். உடைந்தாலோ, எப்படி இயக்குவது என்று தெரிந்தவர் செத்துப்போனாலோ, உருக்கி வேறு ஏதாவது செய்துவிடுவார்கள். நம் வீடுகளில் பாட்டியின் பித்தளை அண்டா எடைக்குப் போனது மாதிரி. நிலத்தில் இருந்த வெண்கலச் சிலைகளும் பெரும்பாலும் அப்படித்தான் போயின. கிரேக்கத்தின் நல்ல வெண்கலச் சிலைகள் பலவும் இன்று நமக்குக் கிடைத்தது கடலுக்கடியிலிருந்து. பல்சக்கர வேலை முற்றிலும் அற்றுப்போகவில்லை. பைசாந்தியக் காலத்து எளிய நாட்காட்டிக் கருவி ஒன்றின் சக்கரங்கள் கிடைத்திருக்கின்றன, கி.பி. 1000 வாக்கில் அல்-பிரூனி என்ற அறிஞர் அதேபோன்ற ஒன்றை விவரித்திருக்கிறார். ஆனால் இவ்வளவு சிக்கலான ஒன்று மறுபடி கண்ணில் படுவது 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கடிகாரங்களில்தான்.

பட்டறையில் அவள் இருந்த மாதங்களிலேயே இரண்டு பழைய பெட்டிகள் உலைக்குப் போகின்றன. ஒன்றை அவளே உடைத்துப் போடுகிறாள், அது அவள் வேலை. அந்த அத்தியாயத்தைச் சிலர் தாண்டிப் போய்விட்டார்கள் என்று நினைக்கிறேன். அதைப் படித்துவிட்டுத் துறைமுகக் காட்சிக்கு வந்தால், அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது தெரிந்துவிடும். திரும்பிப் போகுமுன் அவளுக்குக் கிடைத்த கடைசி வேலை, வாங்கியவர் எடுத்துப் போவதற்காகப் பெட்டியை வைக்கோலில் வைத்துக் கட்டுவது. கயிறு சரியாக இறுகவில்லை என்று அவிழ்த்து மறுபடியும் கட்டுகிறாள்.